இரண்டு தேதிகள்

சிறிய விமான விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் என் அலுவலகப் படியேறினால், "யார் மேல கேஸ் போடலாம் லாயர்?" என்றுதான் முதலில் கேட்கும். நான் திருப்பிக் கேட்பவை இரண்டு தேதிகள்: இறந்த நாள், அந்த விமானம் முதன்முதலில் விற்கப்பட்ட நாள்.

இறந்தவரை நம்பியிருந்தோர் இழப்பீடு கோர, மலேசியாவின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் மூன்றே ஆண்டுகள் தருகிறது. விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தே அதில் பெரும்பகுதியைத் தொலைத்துவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது தேதி அமெரிக்காவுக்காக. சிறிய விமானங்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. வழக்குச் சுமையைக் காரணம் காட்டி செஸ்னா 1986இல் பிஸ்டன் விமானத் தயாரிப்பை நிறுத்தியது; பைப்பர் 1991இல் திவால் மனு கொடுத்தது. அதையடுத்து 1994இல் அங்கே தயாரிப்பாளருக்குக் கால வரம்பு தரும் சட்டம் வந்தது. அதன்படி, பயணிச் சேவை அட்டவணையில் பறக்காத, 20 இருக்கைக்குக் குறைந்த விமானம் முதலில் கைமாறி 18 ஆண்டுகள் கடந்துவிட்டால் தயாரிப்பாளர் மீது பொதுவாக வழக்கு நிற்காது. ஆனால் புதிதாகப் பொருத்திய உதிரிபாகத்துக்கு 18 ஆண்டுகள் புதிதாக ஓடும். எனவே பராமரிப்புப் பதிவேட்டை வரிவரியாகப் படிப்பேன்: எந்தப் பாகம், என்ன வரிசை எண், என்றைக்கு மாற்றினார்கள்?

தேதிகளுக்கு அடுத்தது விபத்தின் காரணம். 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங் சென்ற பீச்கிராப்ட் பிரிமியர் 1, ஷா ஆலாம் எல்மினாவில் விழுந்தது. இறந்த பத்துப் பேரில் இருவர் சாலையில் சென்றவர்கள். தரையிறங்கிய பிறகு மட்டுமே விரிய வேண்டிய லிப்ட் டம்ப் ஸ்பாய்லர்கள் (இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகள்) வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டன என்றது விசாரணை. "விமானி தவறு, கேஸ் முடிந்தது" என்பார்கள். இந்தத் தொழிலில் கேள்வி அங்கேதான் தொடங்கும். தரைக்குரிய ஒன்று வானில் ஏன் இயங்கியது? தடுக்கும் பூட்டு வைத்திருக்கலாமா, அதற்கு என்ன செலவு? தயாரிப்பாளர் தரப்பு கையேட்டின் எச்சரிக்கையைக் காட்டும். இரண்டையும் எடைபோட வேண்டியது நீதிமன்றம். விபத்து விசாரணையோ, அனைத்துலக விதிப்படி, பழி சுமத்துவதற்காக நடத்தப்படுவதே அல்ல.

அமெரிக்காவில் வழக்குப் போட்டால் கோடிகள் என்ற கனவோடும் சிலர் வருகிறார்கள். ஸ்காட்லாந்தில் விழுந்த பைப்பர் விமான வழக்கை அங்கேயே நடத்தச் சொல்லி 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. காணாமல்போன எம்எச்370 விமானம் தொடர்பாக அமெரிக்காவில் தொடுத்த வழக்குகளும் 2018இல் அப்படித்தான், மலேசியாவே உகந்த இடம் என்று தள்ளுபடியாயின. அதனால் பினாங்கில் முதலில் தயாராகுங்கள் என்பேன்.

கருமாதி முடியும் முன்பே காப்புறுதிக்காரர் காசோலையோடு ஒரு விடுவிப்புப் பத்திரத்தை நீட்டக்கூடும். பணம் கொடுப்பவரை மட்டுமல்லாமல் தயாரிப்பாளரையும், பாகம் செய்தவரையும் விடுவிக்கும் வரி அதில் இருக்கலாம். வழக்கறிஞர் படிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.