அறுபது டிகிரி அமிலமும் ஒரு கத்தரிப்பூ நிறமும்

டிஎன்ஏவைக் கண்ணால் பார்க்க இன்று எத்தனையோ சாயங்கள் வந்துவிட்டன. டாபி ஊற்றினால் உட்கரு நீலமாக ஒளிரும். ஆனால் அதற்கு ஒளிர்வு நுண்ணோக்கி வேண்டும். சாதாரண நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஃபாயில்கன் முறைதான் கதி. எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஜெர்மனியில் ராபர்ட் ஃபாயில்கனும் ஹைன்ரிஷ் ரோசன்பெக்கும் 1924-இல் வெளியிட்ட முறை அது.

மற்ற சாயங்கள் பொருளின் மேல் ஒட்டிக்கொள்ளும். இங்கே நடப்பது வேறு. வெங்காய வேர்நுனியை 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். டிஎன்ஏவிலிருந்து அடினினும் குவானினும் கழன்றுவிட, அவை இருந்த இடத்தில் சர்க்கரையின் ஆல்டிஹைடு தலைகாட்டும். நிறமற்ற ஷிஃப் கரைசல் அதோடு வினைபுரிந்து கத்தரிப்பூ நிறமாகிறது. ஆர்என்ஏவின் சர்க்கரை இப்படி வழிவிடாது. நிறம் டிஎன்ஏவின் அளவுக்கு ஏற்ப ஏறுவதால், அதன் அடர்த்தியை அளந்தே ஒரு உட்கருவில் டிஎன்ஏ எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

சூட்சுமமெல்லாம் அமிலத்தில் இருக்கும் நேரத்தில்தான். பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். குறைந்தால் ஆல்டிஹைடு போதாது, நிறம் வெளிறும். கூடினால் டிஎன்ஏவே துண்டாகிக் கரைந்து போகும், அப்போதும் வெளிறும். வெளிறிய ஸ்லைடைப் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. அதனால் புதிய திசு கைக்கு வந்தால் இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் வேர்களை எடுத்து, எதில் நிறம் உச்சத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. புவான் திரவத்தில் பதப்படுத்திய திசு இதற்கு ஆகாது. அதிலுள்ள பிக்ரிக் அமிலம் நமக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஷிஃப் கரைசல் நிறமற்றிருக்க வேண்டும், கந்தக நெடி மூக்கைத் துளைக்க வேண்டும். இளஞ்சிவப்பு ஏறிவிட்டால் கொட்டிவிடுவதே நல்லது. கருநிறப் பாட்டிலில், குளிர்பெட்டியில் வைத்தால் சில மாதம் தாங்கும். கையுறை போடாதவரின் விரல்கள் எல்லோருக்கும் செய்தி சொல்லிவிடும்!

மாணவர்கள் முணுமுணுப்பது ஒன்றுக்குத்தான்: அமிலத்தில் போடாத ஒரு வேரையும் ஷிஃப்பில் ஊறவைக்கச் சொல்வேன். அது நிறமேறக் கூடாது. ஏறினால், குளூட்டரால்டிஹைடு போன்ற பதப்படுத்தி விட்டுச்சென்ற ஆல்டிஹைடுதான் பல நேரம் காரணம். அன்றைய ஸ்லைடுகளில் உள்ள நிறம் எதையும் நம்ப முடியாது.

நிறமேறிய நுனியை 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நசுக்கினால் குரோமோசோம்கள் பிரிந்து தெரியும். நியூக்ளியோலஸ் மட்டும் வெற்றிடமாக நிற்கும். அங்கே இருப்பது பெரும்பாலும் புரதமும் ஆர்என்ஏவும். அந்த ஆர்என்ஏவைப் பார்க்க மீத்தைல் கிரீன்–பைரோனினுக்குப் போக வேண்டும்: டிஎன்ஏ பச்சை, ஆர்என்ஏ சிவப்பு. கடையில் வாங்கும் மீத்தைல் கிரீனில் ஊதாச் சாயம் கலந்திருக்கும். குளோரோஃபார்மில் ஊதா வராத வரை குலுக்கிக் குலுக்கிப் பிரித்துவிட்டே அதைப் பயன்படுத்துவேன்.