ஆறு கரிக்கோடுகள்

புதுநன்மை வாங்கியபோது எனக்கு எட்டு வயது. 1976 மே மாதம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் காகிதப் பூச்சுற்றிய மெழுகுதிரி. நற்கருணை பல்லில் படக் கூடாது என்று சிஸ்டர் ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பயம் காட்டியிருந்தார். அதனால் ஆண்டவரை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் ஓடிவிடுவாரோ என்பதுபோல வீடு வரைக்கும் பேசாமல் நடந்தேன். அன்றைக்கு மாதிரி நல்ல பிள்ளையாக அதற்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.

பூசை முடிந்ததும் சிஸ்டர் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு திருஇருதய ஆண்டவர் படம் கொடுத்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, விடாமல் ஒன்பது மாதம், நற்கருணை வாங்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்கள் சாகிற நேரத்தில் ஆண்டவருடைய கிருபை இல்லாமல் சாகமாட்டார்கள். பிரான்ஸ் தேசத்தில் மார்கரெட் மரியாள் என்ற கன்னியாஸ்திரிக்கு ஆண்டவரே காட்சி கொடுத்துச் சொன்னது என்றார். எனக்குப் புரிந்தது வேறு. ஒன்பது வெள்ளி முடித்துவிட்டால் மோட்சத்தில் இடம் பிடித்தாயிற்று, அதற்கப்புறம் மாங்காய் திருடினாலும் பரவாயில்லை.

ஜூன் 4, முதல் கணக்கு. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு போட்டேன். கூடவே ஒறுத்தல் கணக்கு ஒன்றும் ஆரம்பித்தேன். காப்பியில் கருப்பட்டி வேண்டாம் என்று சொன்னால் ஒரு சிப்பி. தங்கச்சி கிள்ளியதற்குத் திருப்பிக் கிள்ளாவிட்டால் ஒரு சிப்பி. முட்டுக்குத்திச் செபமாலை முழுக்கச் சொன்னால் ரெண்டு. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ராத்திரி எண்ணிவிட்டுத்தான் படுப்பேன். தங்கச்சி கிள்ளாத நாட்களில் நானே அவளைச் சீண்டிக் கிள்ள வைத்ததும் உண்டு. சிப்பி சேர வேண்டுமே!

மூன்றாவது வெள்ளிக்கு ஆபத்து வந்தது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருநாள். எங்கள் ஊர் மணப்பாட்டுக்குத் தெற்கே. திருச்செந்தூர் போய் அங்கிருந்து பஸ் மாறி, குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போயிருந்தோம். மறுநாள் வெள்ளி. சப்பரப் பவனி பார்த்த அசதியில் எல்லாரும் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் பிணமாகத் தூங்க, நான் மட்டும் இருட்டோடு எழுந்து பாட்டியை உலுக்கினேன். பாட்டிதான் கூட்டிப் போனாள். பனிமய மாதா கோயில் அப்போது பசிலிக்கா ஆகவில்லை, 1982ல்தான் ஆனது. ஆனாலும் முதல்நாள் கூட்டம் நசுக்கிப்போட்ட பூக்கள் மீது செருப்பில்லாமல் நடந்து உள்ளே போனபோது, ரோமாபுரிக்கே வந்துவிட்டதாகத்தான் இருந்தது.

பாட்டி அப்பாவைப் பெற்றவள். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று 1964லேயே திருச்சபை தளர்த்திவிட்டது. பாட்டி தளர்த்தவில்லை. நடுராத்திரி தாண்டினால் பச்சைத்தண்ணி பல்லில் படாது. பூசை தமிழுக்கு வந்துவிட்டது, சாமியார் நம்மைப் பார்த்து நின்று நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறார் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும், லத்தீன் காலத்துப் பழக்கத்தில் பூசை நேரம் முழுக்க அவள் செபமாலைதான் உருட்டினாள். சுற்றி எல்லாரும் 'கடவுள்', 'இறைவன்' என்று மாறியபிறகும் அவளுக்கு அவர் சர்வேசுரன்தான்.

அவள் செபமாலையில் மூன்றாவது பத்தில் ரெண்டு மணி கிடையாது. எப்போதோ அறுந்து, அலையோடு போய்விட்டது. அந்த இடத்தில் சின்னப்பா வலைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி தங்கூசி நூலில் ரெண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார். கணக்கில் புலியான எனக்கு அது உறுத்திற்று.

"பாட்டி, முடிச்சுல சொல்லுத அருள் நிறைஞ்ச மரியே கணக்குல சேருமா?"

"வெரலு தட்டுப்படுதுல்லா. போதும்ல."

எனக்குப் போதவில்லை. சிஸ்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊர் மொத்தமும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பூவும் சாம்பிராணியும் மெழுகுதிரியுமாக ஒவ்வொரு குடும்பமும் அவரவர் சிலுவையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பாட்டி என்னை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தாத்தாவுக்குக் கல்லறை கிடையாது. கட்டுமரத்தில் போனவர் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அலை நனைத்த மணலில் ஒரு திரியை ஊன்றி, முந்தானையால் மறைத்துக்கொண்டு தீக்குச்சி கிழித்தாள். நாலாவது குச்சியில்தான் பற்றியது. முந்தானையை எடுத்ததும் அணைந்தது. திரும்பக் கொளுத்துவாள் என்று பார்த்தேன். கொளுத்தவில்லை. அணைந்த திரிக்கு முன்னால் முட்டுக்குத்தி ஒரு பத்து மணி சொன்னாள். வாடைக்காற்றில் அவள் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பிறகு திரியைப் பிடுங்கி, மணலைத் தட்டிவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

ஏழாவது வெள்ளி டிசம்பர் 3. சவேரியார் திருநாளும் அன்றைக்கே விழுந்திருந்தது. எங்கள் கடற்கரையில் சவேரியார் வெளியாள் கிடையாது. மணப்பாட்டில் அவர் தங்கிச் செபித்த கடலோரக் குகைக்குள் இறங்கிப் பார்க்காத பிள்ளை அந்த வட்டாரத்தில் இருக்காது. திருநாளும் முதல் வெள்ளியும் ஒரே நாளில் என்றால் இரட்டைப் பலன் என்பது என் கணக்கு. புதுநன்மைச் சட்டையைத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டு படுத்தேன்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா போன வள்ளம் வரவில்லை என்ற பேச்சு வியாழக்கிழமை மத்தியானமே எழுந்துவிட்டது. புதன் சாயங்காலம் நாலு பேர் போனது. வியாழன் காலையில் கரை பிடித்திருக்க வேண்டும். வாடை இறுக்கிப் பிடித்து, கடல் கறுத்துக் கிடந்தது. ராத்திரி முழுக்கக் கரையில் சொக்கப்பனை மாதிரி ஓலை கொளுத்திக் காட்டினார்கள். சித்தி நிறைமாதம். மூணு வயசுப் பயலுக்கு அனலாய்க் காய்ச்சல்.

அதிகாலை முதல் மணி அடித்தபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். பாட்டி வரவில்லை. தேடிப் போனால், சித்தி வீட்டு அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். நடுராத்திரியிலிருந்து விரதம் காக்கிறவள், உப்புப் பார்க்கக்கூட அந்தக் கஞ்சியை நாக்கில் வைக்கவில்லை. பூசைக்குப் போகிற எண்ணம் அப்போது அவளுக்கும் இருந்திருக்கிறது.

வாசலில் நாலைந்து பெண்கள். "மாதா கைவிட மாட்டா, வந்துருவான்", "அந்தோனியார் கொண்டாந்து சேத்துருவாரு" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். உவரிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள் ஒருத்தி. பாட்டி மட்டும் வந்துருவான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கும்பாவைச் சித்தியின் வாயருகே பிடித்துக்கொண்டு, "குடி. வயித்துல ஒண்ணு கெடக்கு. குடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி ரெண்டு வாய் குடித்தாள். திடீரென்று எழுந்து, அவிழ்ந்த கூந்தலோடு கடலைப் பார்த்து ஓடினாள். பாட்டியும் பின்னால் ஓடினாள். ஓடுகிறபோதே திரும்பி, "ஏல, பயலப் பாத்துக்க. ஈரத்துணி போடு. நான் வாரது வரைக்கும் நவுராத" என்றாள்.

ரெண்டாம் மணி அடித்தது. துணியை நனைத்துப் போட்டேன். மூணாம் மணி. பயல் கண்ணைத் திறக்காமல் முனகினான். இப்போது ஓடினாலும் பிரசங்கத்துக்குள் போய்விடலாம், நற்கருணை வாங்கிவிட்டு ஒரே ஓட்டமாகத் திரும்பிவிடலாம் என்று தூரத்தைக் கணக்குப் போட்டேன். வாசல் வரை போனேன். பயல் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஓடிப்போய்ப் பிடித்த என் வெள்ளைச் சட்டையில் பாதி. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நடுப்பூசை மணி கேட்டது. ஆண்டவரைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒரு கையில் வாந்தித் துணியோடு இன்னொரு கையால் நெஞ்சில் தட்டிக்கொண்டேன். ஏழாவது வெள்ளி போயிற்று. ஏழில் விட்டால் ஆறும் போயிற்று.

வள்ளத்துக்காரர்கள் பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார்கள். வள்ளத்தில் இல்லை, நடந்து. பாய்மரம் முறிந்து, வலை போய், நீரோட்டம் இழுத்த இழுப்பில் உவரிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். நாலு பேரும் உப்பு பூத்த உடம்போடு கரையோரமாகவே நடந்து வந்ததை ஊரே நின்று பார்த்தது. வெடி போட்டார்கள். கோயில் மணியை யாரோ அடித்தார்கள். பாட்டி கூட்டத்தில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து அன்றைய முதல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி நான் அழுதேன். கணக்கு அறுந்துவிட்டது, திரும்ப ஒன்றிலிருந்து, உன்னால்தான் என்று. பாட்டி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சர்வேசுரன் வட்டிக்கடையா வச்சிருக்காரு, தவணை தப்புனா முதலும் போச்சுங்கதுக்கு?"

"சிஸ்டர் சொன்னாவளே."

"சொல்லட்டும். அடுத்த மாசம் முதல்லேருந்து ஆரம்பி. அவரு எங்க போயிருதாரு?"

சமாதானமாகத் தோன்றவில்லை. தாத்தாவை அவர் கொண்டுவந்து சேர்க்கவில்லையே, சித்தப்பாவை மட்டும் ஏன் சேர்த்தார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எட்டு வயசிலும் சில கேள்விகளுக்குக் கூச்சம் இருக்கிறது. அவள் அதற்குள் செபமாலையை எடுத்து, முடிச்சு வரைக்கும் போயிருந்தாள்.

பல வருஷம் கழித்து, சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமையில் இருந்த சபையினருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். எங்கள் கடற்கரையைப் பற்றியதுதான். மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் பிள்ளைகளைச் சேர்த்தது, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது எல்லாம் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டவை. கேட்டிராத ஒன்றும் அதில் இருந்தது. நோயாளிகள் இருக்கிற வீடுகளிலிருந்து அழைப்பு வரும்போது, எல்லாவற்றுக்கும் தன்னால் போக முடியாமல், செபம் படித்த பிள்ளைகளை அவர் அனுப்பியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு அந்தச் சட்டையின் வாடைதான் நினைவுக்கு வந்தது.

ஒன்பது வெள்ளியை இன்று வரை நான் முடித்ததில்லை. அந்த ஆறுக்குப் பிறகு அதிகபட்சம் ஐந்து. ஒரு தடவை பரீட்சை, ஒரு தடவை அம்மை, மற்றதெல்லாம் சோம்பல்.

அந்த டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடித்தோம். சிப்பியைச் சுட்டு நீற்றின சுண்ணாம்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்ததையும் பாட்டி கேட்காமலே அதில் கொட்டியிருந்தாள். மட்டையைத் தட்டி நார் நாராக்கின பிரஷை என் கையில் கொடுத்து, கதவுக்குப் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"அதுக்கு மேலயும் அடில."

அடித்தேன். காய்ந்ததும் ஆறு கோடும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. இன்னொரு பூச்சு அடித்தேன். அப்பவும் மங்கலாகத் தெரிந்தன. மூணாவதுக்குச் சுண்ணாம்பு காணாது என்று பாட்டி வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.