ஒரு பாகைச் சாய்வு

நிமிர்ந்து நிற்பதே அழகு என்று முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள் என் மகன் வந்து, "அப்பா, நம் காரின் முன்சில்லுகள் கொஞ்சம் சாய்ந்து நிற்பதுதான் நல்லது. அந்தச் சாய்வை நாமே கூட்டவும் குறைக்கவும் தகடுகள் இருக்கின்றன. வாங்கிப் பூட்டலாமா?" என்றான். வாலிப வயதின் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று என எண்ணி, நான் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

எங்கள் கார் 1982ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டொயோட்டா கொரோலா. சீட்டுப் பணம் கட்டி, இன்னொருவர் ஓட்டிய வண்டியாக வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, பழைய வண்டி வைத்திருந்தவர்கள் அதைக் கண்ணின் மணியெனக் காத்தார்கள். நாங்களும் காத்தோம். அதில்தான் மகன் பசறையிலிருந்து பதுளைக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறான்.

அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம், இடையே வளைவுக்குமேல் வளைவு. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்களைப் பலிகொண்டது. அது பசறைக்கு மறுபக்கத்துப் பாதைதான். ஆயினும் அன்று தொட்டு, பிள்ளையின் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்வரை எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு பரிமாறப்படுவதில்லை.

மகன் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடப்பக்கத்து முன் டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. டயர் கடையில் ஒருவர், "கேம்பர் தகடு போட்டால் எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் போய்வரும் நண்பன் ஒருவனும் அதையே புகழ்ந்தானாம்.

நானும் மகனும் எங்கள் பழைய மெக்கானிக்கிடம் போனோம். ஊரெல்லாம் அவரை 'பாஸ்' என்றே அழைக்கும். சிங்களவர், தமிழை எங்களைப்போலவே பேசுவார். அவர் பொனட்டைத் திறந்து எனக்கு விளக்கினார்.

சுருள்வில்லும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்து சில்லைத் தாங்கும் தூணாக நிற்பது இந்த வண்டியின் அமைப்பு. ஏர்ல் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் அது வழங்குகிறது. 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த போர்ட் கான்சல் காரில் இடம்பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவியது. தூணின் தலை, வண்டியின் உடலோடு மூன்று நட்டுகளால் இறுக்கிய இறப்பர்த் தலையணையில் பதிந்திருக்கும். அதை உள்ளேயோ வெளியேயோ நகர்த்த வழியில்லை. அந்த இறப்பரை எடுத்துவிட்டு, நீளத் துளைகளும் நடுவே உருண்டைப் பெயரிங்கும் கொண்ட உலோகத் தகட்டைப் பூட்டினால் தலையை நகர்த்தலாம். தலை உள்ளே போனால் சில்லும் மேற்புறம் உள்ளே சாயும்.

"சாய்வதால் என்ன பயன்?" என்று கேட்டேன்.

"வளைவில் வண்டியின் உடல் வெளிப்பக்கம் சரியும், மாஸ்டர். வெளிச்சில்லும் அதோடு சரிந்து ஓரத்தில் நிற்கும். முன்பே கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தால், வளைவில் அது நிமிர்ந்து பாதையை முழுதாகப் பிடிக்கும்."

வளைவில் நிமிர்வதற்காக நேர்பாதையில் சாய்வது! என் முப்பது ஆண்டுப் போதனைக்கு இப்படியும் ஒரு விளக்கம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

ஆனால் பாஸ் தகட்டைக் கையில் எடுக்கவில்லை. "முதலில் அளப்போம்" என்றார். மலைநாட்டில் சமதரை எளிதில் கிடைக்குமா? மேசன்மார் பாவிக்கும் நீர்க்குழாயால் தரையின் மட்டத்தைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, டயர்களின் காற்றைச் சமப்படுத்தினார். பின்பு சில்லின் ஓரமாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். எங்கள் வண்டியின் 13 அங்குலச் சில்லில், ரிம்மின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் உள்ளே இருந்தால் அது ஒரு பாகைச் சாய்வு. வலப்பக்கம் 3 மில்லிமீற்றர், இடப்பக்கம் 12.

பாஸ் எழுந்து கையைத் துடைத்தார். "இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. ஒன்று மட்டும் ஏன் இப்படிச் சாய்ந்தது?" கேள்வி என்னிடம், பார்வை மகனிடம்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மகன் மெல்லச் சொன்னான். மூன்று மாதங்களுக்கு முன், மழையிரவில், மதகோரத்துப் பள்ளம் ஒன்றில் அந்தச் சில்லு பலமாக மோதியதாம். "சொன்னால் அப்பா சாவியை வாங்கி வைத்துவிடுவார் என்று பயந்தேன்."

அவன் சொன்னது பொய்யல்ல. நிச்சயம் வாங்கி வைத்திருப்பேன்.

தூணைக் கழற்றிப் பார்த்தபோது அதன் அடிப்பகுதி சிறிது வளைந்திருந்தது. கீழ்க்கரத்தின் புஷ் இறப்பரும் கிழிந்து தொங்கியது. "இந்தப் புஷ்ஷை மாற்றவேண்டும் என்று போன வருடமே சொன்னேன், மாஸ்டர்" என்றார் பாஸ். அதுவும் உண்மையே. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவன் நான். மகன் மறைத்தது ஒன்று. தந்தை தள்ளிப்போட்டது ஒன்று. அன்றே தகட்டைப் பூட்டித் தூணின் தலையை வெளியே நகர்த்தியிருந்தால் அளவு சரியாகியிருக்கும். டயரும் நேராகத் தேய்ந்திருக்கும். வளைந்த இரும்பு மட்டும் வளைந்தபடியே என் பிள்ளையை நாள்தோறும் பள்ளத்தின் ஓரமாகச் சுமந்து சென்றிருக்கும்.

பழைய உதிரிப்பாகக் கடையில் நல்ல தூண் ஒன்றைத் தேடிப்பிடித்தோம். புஷ்களைப் புதிதாகப் போட்டோம். அதன் பின்னரே தகடுகளின் முறை வந்தது. பாஸ் முதலில் தூண் பதியும் இடத்துப் பெயின்டைச் சுரண்டி, துரு உண்டா என்று பார்த்தார். சுருள்வில்லைக் கருவியால் நன்றாக ஒடுக்கிய பிறகே நடு நட்டைத் தொட்டார். இல்லாவிட்டால் வில் துள்ளி ஆளையே அடித்துவிடுமாம். இன்னும் அதிகமாகச் சாய்க்க உடலின் துளையைப் பெரிதாக்கலாமா என்று மகன் கேட்டதற்கு மறுத்துவிட்டார்.

"ஒரு பாகை போதும், தம்பி. அதிகமானால் டயர் உள்ளே தேயும். நேர்பாதையில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பும் குறையும். போட்டிக்காரன் ஒரு நாள் ஓடுகிறான். நீங்கள் தினமும் ஓடுகிறீர்கள்."

இரு பக்கமும் 6 மில்லிமீற்றர். சாய்வை மாற்றினால் சில்லுகள் முன்னோக்கும் திசையும் மாறும் என்பதால், பதுளையில் எலைன்மென்ட் சரிசெய்துகொண்டோம். ஒரு வாரம் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கினார்.

இறப்பர் போய்விட்டதால் பாதையின் ஒவ்வொரு கல்லும் இப்போது காதில் கேட்கிறது. அது ஒரு குறைதான். ஆனால் வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கிறது. போன மாதம் மகனோடு பதுளைக்குப் போனபோது, கதவுப் பிடியைப் பற்றாமல் என் கை மடியிலே கிடந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டின் நடுவே மகன் சொன்னான்: "அப்பா, இன்று பின்னால் எடுக்கும்போது பம்பர் மதிலில் உரசிவிட்டது."

நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "விடிந்ததும் இருவருமாகப் பார்ப்போம்" என்றேன். சாவி அவனிடமே இருக்கிறது.