ஒரு வரிக் கட்டளை

மேகக் கணிமை என்னும் சொல்லைக் கேட்கும் மாணவர் பலர், தமது கோப்புகள் யாவும் வானவெளியில் மிதப்பதாக எண்ணுவதுண்டு. உண்மையில் அவை எங்கோ ஒரு பெருங் கட்டிடத்தில் அடுக்கப்பட்ட இயந்திரங்களிலேயே உறைகின்றன. எமது கல்லூரியின் பாடப் பதிவுகளும் சிங்கப்பூரிலுள்ள அத்தகைய சேவையகமொன்றில், மாத வாடகைக்கு இடம்பெற்றிருந்தன. அதனைப் பேணும் பொறுப்பு என்னுடையது.

வீட்டு மேசையிலிருந்து கட்டளை வரிகளைத் தட்டியே அதனை நடத்துதல் வேண்டும். அவ்வரிகளை இடைவழியில் எவரும் அறியாதவாறு மறைத்துக் கொண்டுசெல்லும் 'எஸ்.எஸ்.எச்.' முறையை, 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து இலோனென் ஆக்கினார். அங்கே வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டமையே அதற்குக் காரணமாயிற்று. ஆயினும், கள்வரிடமிருந்து காக்கும் அம்முறை எம் கவனக்குறைவிலிருந்து எம்மைக் காப்பதில்லை.

சென்ற ஆண்டு ஓரிரவு, இரு சாளரங்களைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்று பரிசோதனைச் சேவையகம், மற்றையது மெய்யானது. வேண்டாத கோப்புகளை நீக்க எண்ணி, 'ஆர்.எம்.' என்னும் அழித்தற் கட்டளையை, வினவாது அழிக்குமாறு சேர்த்துத் தட்டினேன். அதற்குக் குப்பைக் கூடையும் இல்லை. சாளரம் மாறியதை உணர்ந்தபோது, காலஞ்சென்ற எமது இரசாயனவியல் ஆசிரியரின் குரற்பதிவுகள் நாற்பதும் மறைந்திருந்தன. அவற்றுக்கு நான் வேறு பிரதி வைத்திருக்கவில்லை.

மறுநாள் வகுப்பிலே உண்மையைச் சொன்னேன். பின் வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், பஸ்சிலே கேட்பதற்காகக் கொஞ்சம் போனில் இறக்கி வைத்திருக்கிறேன்" என்றான். இருபத்தாறு மீண்டன, பதினான்கு மீளவில்லை.

2017 சனவரி 31 இல், கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவரும் இவ்வாறே தவறான சேவையகத்தில் தரவுத்தளத்தை அழித்தார். காப்பு ஏற்பாடுகள் பல இருந்தும் அவை கைவிட்டன. ஏறத்தாழ ஆறு மணிநேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட பிரதியொன்றே உதவிற்று. அந்நிறுவனம் தன் தவற்றை மறையாது உலகுக்கு உரைத்தது.

இப்பொழுது, அழிக்குமுன் 'ஹோஸ்ட்நேம்' எனத் தட்டி எந்த இயந்திரத்தில் நிற்கிறேன் என்று பார்க்கிறேன். 'எல்.எஸ்.' எனத் தட்டி, அழியப்போவன எவையென வாசிக்கிறேன். வேறிடத்தில் வைத்த பிரதியை மாதந்தோறும் மீட்டுப் பார்க்கிறேன்; மீட்டுப் பார்க்காத பிரதியை நம்புதல் தகாது.

அவ்வாசிரியரின் துணைவியாரிடமும் சென்று நடந்ததைக் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "இருபத்தாறு இருக்குத்தானே, தம்பி. ஒன்றைப் போடும், கேட்பம்" என்றார்.