எத்தனை கிலோ தாங்கும் பாஸ்?

112 கிலோ. மெஷின் வாங்கக் கடைக்குப் போன அன்னிக்கு என் எடை அதுதான். உங்க எடை என்னவா இருந்தாலும் வெட்கப்படாம சத்தமா சொல்லுங்க. ஏன்னா, நம்மள மாதிரி வெயிட்டான பார்ட்டிங்க கடையில முதல்ல சொல்ல வேண்டியதே அந்த நம்பரைத்தான்!

"யாருக்கு சார்?"னு சேல்ஸ்மேன் கேட்பார். பதில் அவருக்கே தெரியும். கண்டுக்காதீங்க. "இது எத்தனை கிலோ தாங்கும்?"னு திருப்பிக் கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம், ஸ்டிக்கரையோ மேனுவலையோ காட்டச் சொல்லுங்க. வீட்டுக்கான ட்ரெட்மில்களில் பல 100, 110 கிலோவோட நின்னுடும். உங்க எடையைவிட 15, 20 கிலோவாவது கூடுதலா தாங்கணும். மோட்டார் பவரை ‘பீக் ஹெச்.பி.’னு பெரிசா போட்டிருப்பாங்க. அது கொஞ்ச நேர வீரம். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவுன்னு கேளுங்க.

நான் ட்ரெட்மில் வாங்கலை. மாடிப்படி ஏறினாலே என் முட்டி புலம்பும். அதனால, சாய்ஞ்சு உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள். அகலமான சீட்டு, முதுகுக்குச் சாய்மானம். உடம்பு பாரத்தை சீட்டு சுமக்கும், முட்டி தப்பிக்கும். எதை வாங்கினாலும் கடையிலேயே பத்து நிமிஷம் மிதிச்சுப் பாருங்க. நாலு பேர் வேடிக்கை பார்க்கட்டுமே, காசு நம்மளோடது!

வயித்துல கட்டுற பெல்ட் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அதுல குறையறது கொழுப்பு இல்லை, வியர்வை. ஒரு சொம்பு தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? சிக்ஸ்பேக்குக்கு இல்லைங்க. தாத்தாவுக்கு சர்க்கரை. கடைசியில ஒரு கால்விரலையே எடுத்தாங்க. அப்பாவுக்கும் சர்க்கரை. எனக்கு, "பார்டர்ல இருக்கு தம்பி"ன்னார் டாக்டர். என்னை மாதிரி பார்டரில் இருந்தவங்களை வெச்சு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. 7 சதவிகித எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிஷ உடற்பயிற்சி - இதுதான் இலக்கு. அந்த வழியில் போனவங்களுக்கு சர்க்கரை நோய் வர்றது 58 சதவிகிதம் குறைஞ்சது. எனக்கு 7 சதவிகிதம்னா வெறும் 8 கிலோதான்!

வாரம் அஞ்சு நாள், தினம் அரை மணி நேரம். மிதிக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நெஞ்சுவலி, பி.பி. இருந்தா முதல்ல டாக்டர், அப்புறம்தான் கடை. சாப்பாட்டுலயும் கை வைக்கணும். அரை மணி நேர உழைப்பை ரெண்டு பரோட்டா அசால்ட்டா முழுங்கிடும்.

கடைசியா ஒண்ணு... மெஷினை ஹால்ல, டி.வி.க்கு எதிர்ல போடுங்க. பின்கட்டுல போட்டா ஒரே மாசத்துல துண்டு காயப்போடுற கொடியாகிடும். எங்க வீட்டுல இன்னும் ஆகலை. அஞ்சு மாசத்துல 5 கிலோ போயிருக்கு. மிச்சம் மூணு. போயிட்டு வரேன், சீரியல் ஆரம்பிக்கப் போகுது!