இரண்டு கேப்டன்கள், சில ராஜினாமாக்கள்

எங்கள் பக்கம் கேப்டன் என்றால் விஜயகாந்த்தான். 1991இல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ கொடுத்த பட்டம். பக்கத்து விருத்தாசலத்தில் 2006இல் ஜெயித்தவர் வேறு. ஆனால் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய என் பெரியப்பாவுக்குக் கேப்டன், பாட்டியாலா அரச குடும்பத்து அமரிந்தர் சிங். “அவரு நெஜமாவே யூனிஃபார்ம் போட்ட கேப்டன்டா” என்பார்.

1963இல் சீக்கிய ரெஜிமென்ட்டில் அதிகாரியான அமரிந்தர், 1965 தொடக்கத்தில் விலகினார். பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் திரும்பிப் போனார். 1980இல் காங்கிரஸ் எம்.பி. பொற்கோயிலுக்குள் 1984இல் ராணுவம் நுழைந்ததும் பதவியையும் கட்சியையும் விட்டார். அகாலி தளத்துக்குப் போய் அமைச்சரானார். 1986இல் அதே கோயிலுக்குள் போலீஸ் போனதும் அந்தப் பதவியையும் விட்டார்.

அரியலூர்க்காரர்களுக்கு ராஜினாமா என்றால் சாஸ்திரிதான் ஞாபகம் வருவார். 1956 நவம்பரில் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த அவர் பதவி விலகினார். பெரியப்பா இருவரையும் ஒரே தட்டில் வைப்பார். எனக்கு அது ஒட்டவில்லை. சாஸ்திரி தன் துறையில் நடந்ததற்குப் பொறுப்பேற்று விலகியவர். அமரிந்தர் மற்றவர்கள் செய்ததை எதிர்த்து விலகியவர். இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதலமைச்சரான அமரிந்தர், 2004இல் அண்டை மாநிலங்களோடு போட்ட நதிநீர் ஒப்பந்தங்களை ரத்துசெய்து சட்டமே கொண்டுவந்தார். 2016இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றதும், எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். பஞ்சாப் அவரைத் தண்ணீரின் காவலனாகக் கொண்டாடியது. மறு வருஷம் மீண்டும் முதல்வர்.

“நம்ம புள்ளம்பாடி வாய்க்காலுக்கு மேல இருக்கறவன் இப்படி ஒரு சட்டம் போட்டா என்ன பண்ணுவீங்க பெரியப்பா?” என்று கேட்டேன். திருமானூர்ப் பக்கம் அவருக்கும் நிலம் இருக்கிறது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பட்டாளத்துல இருக்கறப்ப மொத்த நாடும் நம்ம ஊருதான். எலெக்‌ஷன்ல நின்னுட்டா, ஓட்டு போடுற எடம் மட்டும்தான் ஊரு.”

2021இல் கட்சிச் சண்டையில் முதல்வர் பதவியையும் விட்டார் அமரிந்தர். அடுத்த ஆண்டு பாட்டியாலாவிலேயே தோற்றார்; தொடங்கிய புதுக் கட்சியை பாஜகவில் இணைத்தார். பெரியப்பா இன்னமும் அவரைக் கேப்டன் என்றுதான் சொல்கிறார். 1965இல் திரும்பிப் போன அந்த இளைஞன்மீது எனக்கும் மரியாதை உண்டு. 2004இல் கையெழுத்துப் போட்டவரை மட்டும், கடைமடையில் நின்றுகொண்டு என்னால் கொண்டாட முடியவில்லை.