மார்கழியில் ஏரியும் கடலும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கும் தைத் திருநாளுக்கும் இடைப்பட்ட நாள்கள் வட தமிழகத்தில் பயணம் செய்வதற்கு மிகவும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்து, ஏரிகள் நிரம்பி, வயல்கள் பசுமை போர்த்து நிற்கும் காலம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. பெரியவர்களுக்கோ உற்றாரைக் கண்டுவர ஒரு வாய்ப்பு.

என் துணைவியாரின் தம்பி செங்கற்பட்டிலும், மூத்த அக்கா கோவளத்தை அடுத்த ஒரு கடற்கரைச் சிற்றூரிலும் வாழ்கின்றனர். பணி ஓய்வு பெற்ற நாள் முதல், ஆண்டுதோறும் இவ்வாரத்தில் திருச்சியிலிருந்து நாங்கள் இருவரும் புறப்படுவது வழக்கம். சென்ற முறை அப்பயணத்தோடு ஒரு பொறுப்பும் சேர்ந்துகொண்டது. அக்காவுக்கு வயது 74. கணவரை இழந்தவர், தனியே வாழ்பவர். ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து, அண்டை வீட்டார் காணும்வரை எழ இயலாமற் கிடந்திருக்கிறார். சென்னையில் வாழும் அவருடைய மக்கள் இருவரும், “சித்தி சொன்னால்தான் அம்மா கேட்பார், எப்படியாவது எங்களோடு வந்துவிடச் சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் வேண்டிக் கொண்டனர்.

செங்கழுநீர் பூத்த ஊர்

பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் செங்கற்பட்டு வந்துவிடுகிறது. செங்கழுநீர்ப் பூக்கள் மிகுந்திருந்தமையால் செங்கழுநீர்ப்பட்டு என வழங்கி, பின்னர் மருவியது என்பர். இரயில் நிலையத்தை ஒட்டியே கொளவாய் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. விசயநகர அரசர் காலத்துக் கோட்டை ஒன்று இங்கிருந்தது. 1751-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய அக்கோட்டையை மறு ஆண்டே இராபர்ட் கிளைவ் மீட்டார். இன்று எஞ்சியிருப்பவை சிதைந்த பகுதிகளே.

சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-இல் செங்கற்பட்டு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. புனித சூசையப்பர் ஆலயம் பேராலயமாயிற்று. 2019-இல் அரசும் செங்கற்பட்டைத் தனி மாவட்டமாக்கியது. எங்கள் மைத்துனர் வீட்டில் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. அதன் முன்னே அமர்ந்து, அக்காவைப் பற்றியே நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பறவைகளின் தாய்வீடு

மறுநாள் விடியற்காலையில் வேடந்தாங்கல் சென்றோம். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும், கூழைக்கடாக்களும், அரிவாள் மூக்கன்களும், நீர்க்காகங்களும் கிளை தெரியாமல் அமர்ந்திருந்தன. சில கூடு கட்டின. சில குஞ்சுகளுக்கு இரையூட்டின. தொலைவிலிருந்து வந்த வாத்தினங்கள் நீரில் மிதந்தன.

இவ்விடத்தின் சிறப்புக்குக் காரணம் அவ்வூர் மக்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். 1936-இல் இது சரணாலயமாயிற்று. 2022-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. தீபாவளிக்கும் இவ்வூரில் வெடி வெடிப்பதில்லை.

பங்குனி கடந்து வெயில் ஏறி ஏரி வற்றத் தொடங்கினால் பறவைகள் போய்விடும். மழை பெய்து ஏரி நிறைந்தால் திரும்பும். “இவற்றை யாரும் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை” என்றார் என் துணைவியார். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கல்லில் ஒரு கன்று

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியே செல்கிறது. இங்குள்ள மலைக்கோயிலுக்கு நண்பகல்தோறும் இரண்டு கழுகுகள் வந்து உணவருந்திச் சென்ற காட்சியைப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. கடந்த நூற்றாண்டின் இறுதியோடு அவ்வருகை நின்றுவிட்டது. ஓரூரில் பறவைகள் ஆண்டுதோறும் திரும்புகின்றன. சில மணிப் பயணத் தொலைவில் மற்றோரூரில் வராமலே போயின.

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாதார் இல்லை. பல்லவர் குடைந்த மண்டபங்களும், ஒற்றைக் கல்லில் செதுக்கிய ஐந்து தேர்களும், இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அருச்சுனன் தவம் எனப்படும் பெரும்பாறையைச் சிலர் பகீரதன் தவம் என்பர். பிள்ளைகளோடு செல்வோர், அதில் நின்று தவஞ்செய்யும் பூனையையும், அதை நம்பி அருகில் நிற்கும் எலிகளையும் தேடிக் காணச் சொல்லுங்கள். என் துணைவியாருக்கு உவந்த இடம் பக்கத்திலுள்ள கிருட்டிண மண்டபம். ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. கல் என்பது நமக்கு மறந்தே போகிறது.

தெருவெங்கும் உளியோசை கேட்கிறது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இவ்வூரில் உள்ளது. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய செங்கற்கோட்டையையும், பிறந்த மண்ணுக்குத் திரும்பாமல் இங்கேயே மாண்டவர்களின் கல்லறைகளையும் மாலையில் கண்டு திரும்பினோம்.

கோவளக் கரையில்

ஆண்டின் கடைசி நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கோவளம் சேர்ந்தோம். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் பண்டகசாலை வைத்திருந்த துறைமுகம் இது. இங்குள்ள கார்மேல் அன்னை ஆலயத்தை ஜான் டி மான்டி என்னும் வணிகர் 1808-இல் எழுப்பினார் என்பர். கடலுக்குச் செல்லும் குடும்பங்களின் கண்ணீரையும் நன்றியையும் இரு நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் ஆலயம் அது.

அக்கா எங்களுக்காக வஞ்சிர மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தார். உணவுக்குப் பின் பேச்சு எப்படித் தொடங்குவது என்று நான் தயங்க, அவரே தொடங்கிவிட்டார்.

“பிள்ளைகள் சொல்லி அனுப்பினார்களா, தம்பி?”

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை அன்று தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி மணலை அரித்துச் சென்றதால், மறைந்திருந்த சிற்பப் பாறைகள் வெளிப்பட்டன. அதன்பின் சாளுவன்குப்பத்தில் பழைமையான செங்கற்கோயில் ஒன்றும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அக்காவின் வீட்டில் வெளிப்பட்டது எதுவும் இல்லை. ஓலைக் கூரையும், படகும், வலைகளும் போயின. கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த கணவர் ஓடித் தப்பினார். இருவரும் அதே ஊரில் மறுபடி வீடு கட்டினர். எட்டாண்டுகளுக்குப்பின் அவர் அவ்வீட்டில்தான் கண்மூடினார்.

“மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாம் மாடியில், காற்று வாடையா கொண்டலா என்றே தெரிவதில்லை. காலையில் எழுந்து யாருக்காகச் செபிப்பது? இங்கே எந்தப் படகு போயிருக்கிறது, எது திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.”

அவர் பேசி முடித்த பின் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. என் துணைவியார் வற்புறுத்தவில்லை. “மழைக்காலம் மட்டும்?” என்று மெல்லக் கேட்டார். அக்கா சிரித்தார். பிறகு சகோதரியர் இருவரும் மாதங்களை விரல்விட்டு எண்ணினர். ஐப்பசியும் கார்த்திகையும் பிள்ளைகள் வீட்டில். பெருவிழாவுக்கு முன் ஊர் திரும்புதல். மற்ற நாள்களில் அண்டை வீட்டுப் பெண் இரவில் துணைக்குப் படுத்துக்கொள்வது. முற்றத்துக்குச் சொரசொரப்பான தரை போடுவது என் பொறுப்பாயிற்று.

மூத்த மகனுக்கு இவ்வேற்பாட்டில் முழு மனநிறைவில்லை. “இன்னொரு முறை விழுந்தால்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடமும் விடையில்லை. ஆயினும் தாயைக் கேட்டுச் செய்த முடிவு என்பதால் ஒப்புக்கொண்டார். அன்றிரவு புத்தாண்டுத் திருப்பலிக்கு அக்கா எங்கள் இருவர் கைகளையும் பற்றி நடந்து வந்தார். வழியில் எதிர்ப்பட்டவரெல்லாம் அவரைப் பெயர் சொல்லி வாழ்த்தினர்.

இவ்விடங்களை மூன்று நாள்களில் நிறைவாகக் காணலாம். வேடந்தாங்கலுக்கு விடியலில் செல்லுங்கள். மாமல்லபுரத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். நெடுஞ்சாலை வழியே திரும்புவோர் அச்சிறுப்பாக்கத்தில் மழைமலை மாதாவையும் கண்டு செல்லலாம். உங்கள் குடும்பத்திலும் தனித்து வாழும் முதியோர் இருந்தால், ஊர்களைக் கண்டு களைத்த பின் எஞ்சிய ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்காதீர்கள். ஓரிரவு தங்குங்கள். அவர்கள் உள்ளத்திலிருப்பது விளக்கணைத்த பிறகே பேச்சில் வரும்.